பண்டிகை முடிந்த மறுநாள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்க நகரங்களில் தர்ம சிந்தனை பொங்கி வழியும். கடை வாசல்களில் உண்டியலும் மணியுமாக ஆட்கள் நிற்பார்கள். ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் அன்னசாலைகளில் பரிமாறுவதற்குத் தொண்டர்கள் திரண்டு வருவார்கள். அங்குள்ள யூதர்களுக்குக் கிறிஸ்துமஸ் பண்டிகை கிடையாது. ஆனாலும் அன்றைய தினம் கிறிஸ்தவ நண்பர்கள் குழந்தை குட்டிகளுடன் வீட்டில் இருக்கட்டும் என்று, ஆஸ்பத்திரியிலும் அன்னசாலையிலும் அவர்களுடைய வேலையை யூதர்கள் பலர் ஏற்றுக்கொள்வது உண்டு. நல்ல வழக்கம்தான். யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் டிசம்பருக்குப் பின்னால் பிப்ரவரி என்று ஒரு மாதம் வருகிறதே! அப்போதும் குளிர் இருக்கிறது; பசியும் இருக்கிறது. உண்டியலும் மணியும் மட்டும் இல்லை. டிசம்பர் 25-ஆம் தேதி சாப்பிட்டவனுக்குப் பிப்ரவரி 25-ஆம் தேதி பசிக்காதா?

யூதர்களின் சாஸ்திரங்கள் இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே யோசித்துப் பார்த்திருக்கின்றன.

முதலில் அவர்கள் வழங்கும் வார்த்தையையே பாருங்கள். ஏழைக்குக் கொடுப்பதற்கு ஹீப்ரு பாஷையில் 'ஸெதாகா' என்று பெயர். நியாயம் என்று பொருள்படும் 'ஸெதெக்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. நம்மிடமும் அப்படி ஒரு சொல் உண்டு. "தாயே, தர்மம் போடுங்க!" என்று வாசலில் ஒருவன் கேட்கிறான். அதே தர்மம்தான் நீதியையும் குறிக்கிறது. ஆனால் வாசற்படியில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது நமக்கு ஒரு பிடி அரிசிதான் ஞாபகம் வருகிறதே தவிர, நீதி ஞாபகம் வருவதில்லை. யூத சாஸ்திரம் இரண்டையும் பிரிக்க மறுக்கிறது. கொடுப்பது தயவு அல்ல, பட்ட கடன் என்கிறது.

அறுவடை விதியிலேயே இது தெளிவாகிறது. வயலின் ஓரத்தை அறுக்கக் கூடாது. கீழே சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. மறந்துவிட்ட கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவை ஏழைக்கும், விதவைக்கும், அயலூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கும் உரியவை. "இது எனக்கு வேண்டியவனுக்கு" என்று பொறுக்கிக் கொடுக்கும் உரிமைகூட நிலச் சொந்தக்காரனுக்கு இல்லை. பைபிளில் வரும் விதவை ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையினால்தான். அவள் பிச்சை கேட்கவில்லை, உழைத்து எடுத்துக்கொண்டாள்.

அப்படியானால் பண்டிகைத் தர்மம் வேண்டாமா? பேஷாக வேண்டும். பூரிம் பண்டிகையன்று குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுக்காமல் பண்டிகை முடியாது. அன்று கையை நீட்டுகிறவனிடம் விசாரணை கூடாது. பஸ்கா பண்டிகைக்கு முன்னால் ஏழை வீடுகளுக்குக் கோதுமைப் பணம் என்று வசூலித்துக் கொடுப்பது பழைய வழக்கம். பண்டிகை இரவில் எல்லோரும் நாலு கிண்ணம் திராட்சரசம் அருந்த வேண்டும். தர்மச் சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கும் அந்த நாலு கிண்ணம் குறையக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் யோம் கிப்பூர் என்னும் பெரிய உபவாச தினத்தன்று காலையில் ஏசாயா தீர்க்கதரிசியின் கண்டனம் ஒன்றை வாசிக்கிறார்கள். பட்டினி கிடந்து தலை குனிந்தால் மட்டும் போதுமா, வேலைக்காரனை ஒடுக்கிக்கொண்டே விரதம் இருப்பதில் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்கிறார். விரதம் இருப்பவர்கள் நிரம்பிய கோயிலிலேயே இதை வாசிக்கச் சொன்னார்களே, அதைச் சொல்லுங்கள்!

வருஷம் முழுவதற்கும் ஏற்பாடுகள் உண்டு. ஊருக்கு ஊர் 'குப்பா' என்று ஒரு பொது நிதி. இருவராகச் சேர்ந்து வசூலிக்க வேண்டும். பங்கிட்டுக் கொடுக்க மூவர் வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த வாரத்துக்கு வேண்டியது போய்ச் சேரும். அன்றாடப் பசிக்குத் தனியாக உணவு வசூல். குப்பா இல்லாத யூத ஊரைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறார் மைமோனிடிஸ். வீட்டிலும் ஒரு சிறிய உண்டிப் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை விளக்கு ஏற்றுமுன் இல்லத்தரசி அதில் காசு போடுவாள். தர்மத்தில் ஜீவிப்பவரும் தம்மால் இயன்றதைக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும் கௌரவத்தை யாரிடமிருந்தும் பறிக்கக் கூடாதல்லவா?

இந்த மைமோனிடிஸ் எகிப்தில் வைத்தியராக இருந்து 1204-இல் காலமான மகா பண்டிதர். கொடுப்பதில் எட்டுப் படிகள் உண்டு என்று அவர் வகுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கேட்ட பிறகு கொடுப்பதைவிடக் கேட்குமுன் கொடுப்பது மேல். மேல்துண்டில் காசை முடிந்து முதுகுப்புறம் போட்டுக்கொண்டு நடந்த பெரியவர்கள் இருந்தார்களாம். ஏழைகள் வெட்கப்படாமல் பின்னால் வந்து அவிழ்த்துக்கொள்வதற்காக! கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது அதற்கும் மேல். எல்லாவற்றுக்கும் உச்சி எது? கடன் கொடுத்தோ, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டோ, வேலை தேடிக் கொடுத்தோ, ஒருவன் இனிக் கை நீட்டவே தேவையில்லாமல் செய்வது.

இந்த உச்சிப் படி எவ்வளவு அவசியம் என்பது நியூயார்க்கில் ஒரு சனிக்கிழமை மாலை தெரிந்தது. 1911 மார்ச் 25. டிரையாங்கிள் என்னும் ரவிக்கைத் தொழிற்சாலையில் தீப் பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம் பெண்கள். முதலாளிகளும் யூதர்களே. ஒன்றரை வருஷத்துக்கு முன், 1909 நவம்பரில், கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல்காரி மேடையேறி யித்திஷ் பாஷையில் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவினாள். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். ஆனாலும் டிரையாங்கிள் முதலாளிகள் சங்கத்தை அங்கீகரிக்கவில்லை.

தீக்குப் பிறகு நிவாரண நிதி குவிந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி நகரத்தின் பெரிய நாடக மண்டபத்தில் பிரமுகர்களின் கூட்டம். அங்கே ரோஸ் ஷ்னைடர்மன் என்ற யூதப் பெண் பேசினாள். தொப்பி தைத்துப் பிழைத்தவள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குச் சில டாலர் கொடுக்க வருகிறீர்கள், ஆனால் நாங்கள் எங்கள் நிலைமையைச் சொல்லத் தெருவுக்கு வந்தால் சட்டம் எங்கள் மீதே பாய்கிறதே என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். அவள் கேட்டது தர்மம் அல்ல; நியாயம். பின்னர் நியூயார்க் மாகாணம் விசாரணைக் கமிஷன் வைத்து, தொழிற்சாலைப் பாதுகாப்புக்குச் சட்டங்கள் இயற்றியது. திறந்திருக்கும் ஒரு வாசல் எத்தனை உயிரைக் காக்கும்! எந்த நிவாரண நிதியாலும் அது முடியுமா?

இக்காலத்திலும் இதே எண்ணம் நிற்கிறது. 1985-இல் லெனார்ட் ஃபைன் 'மாஸோன்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். கல்யாணம் காட்சி என்று செலவழிப்பவர்கள் அந்தச் செலவில் நூற்றுக்கு மூன்று பங்கைப் பசித்தவர்களுக்காக அனுப்பும்படி அது கேட்டுக்கொண்டது. அன்னசாலைகளுக்கு உதவியதோடு, பசிக்குக் காரணமான சட்ட திட்டங்களை மாற்றவும் அது வாதாடி வருகிறது.

யூத சாஸ்திரத்தில் இன்னொரு விதி உண்டு. கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும். ஏழை அதை நம்பியே உயிர் வாழ்கிறான் என்று காரணமும் சொல்லியிருக்கிறது. இதில் பண்டிகை நாள், சாதாரண நாள் என்ற பேதம் கிடையாது.

சகோதரிகளே, தீபாவளிக்கு வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறோம். அவளும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறாள். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் அவளுடைய சம்பளத்தைக் கடைசியாக எப்போது உயர்த்தினோம்? உடம்பு சரியில்லை என்று அவள் வராத நாளுக்குப் பிடித்தம் செய்தோமா? புடவையை எடுத்து வைக்கும்போது இந்தக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிட்டால், அந்த அம்மாளுக்கு மறுநாளும் பண்டிகைதான்.