கால் வீக்கத்தை அசட்டை செய்ய வேண்டாம்

1977, 1983 வன்செயல்களில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த நம்மவர்களில் பலர் இன்றும் நாட்கூலிகள். கொரோனாக் காய்ச்சல் விட்டதும் வேலைக்கு ஓடுகிறோம். ஆனால் அந்நோய் இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி இரத்தத்தை உறைய வைக்கும். காலில் உறைந்த கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம். காலில் 3 மாதம் வரையும் நுரையீரலில் 6 மாதம் வரையும் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதை 2022இல் வெளியான சுவீடன் ஆய்வு காட்டியது.

தோழர்களே, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குக் கூலி வெட்டினால் யார் போவார்? கிளினிக் நாளுக்கும் சம்பளம் வேண்டும். இதை ஒன்றாய்க் கேட்போம்.