நீல அட்டை காருக்கு அல்ல... ஆளுக்கு!

இங்கிலாந்தில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முழங்கால் தேய்ந்த அம்மாவோ, பக்கவாதத்தால் நடை தளர்ந்த அப்பாவோ இருக்கும் வீட்டுக் காரின் டேஷ்போர்டில் பெரும்பாலும் ஒரு நீல அட்டையைப் பார்க்கலாம். 'புளூ பேட்ஜ்' என்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அது.

உள்ளூர் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் அதிகபட்சம் 10 பவுண்டு. 3 ஆண்டுகள் வரை செல்லும். பிறகு மறுபடியும் விண்ணப்பம். மஞ்சள் கோடு போட்ட தெருவில், சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாத இடமென்றால், 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட் வளாகங்களுக்கும் மத்திய லண்டனின் சில பகுதிகளுக்கும் விதி வேறு. அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துவதே நல்லது.

பலர் சிக்கிக்கொள்வது வேறொரு விஷயத்தில். அப்பா வீட்டில் தூங்குகிறார். மகன் அவருடைய அட்டையை வைத்து காரை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கப் போகிறார். "அப்பாவுக்குத்தானே வாங்குகிறேன்!" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அட்டை காருக்குக் கொடுத்ததல்ல, அந்த மனிதருக்குக் கொடுத்தது. அவர் அந்தப் பயணத்தில் இருக்க வேண்டும். அல்லது அந்த இடத்தில் அவரை இறக்கிவிடவோ ஏற்றிக்கொள்ளவோ வந்திருக்க வேண்டும். அவரைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் தங்கள் வேலைக்காக அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதும் தவறுதான். பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அட்டையையும் பறிமுதல் செய்யலாம்.

இன்னொன்று. 2019 ஆகஸ்ட் 30 முதல், வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களும் இங்கிலாந்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மறதி நோய், கடுமையான மனப்பதற்றம் போன்றவற்றால் வெளியே போய்வரவே திண்டாடுபவர்கள் இவர்கள். எனவே, காரிலிருந்து ஒருவர் சாதாரணமாக நடந்து வந்தால், "நன்றாகத்தானே இருக்கிறார், இவருக்கு எதற்கு இந்த இடம்?" என்று முறைக்காதீர்கள்.

அந்தக் கட்டம் அகலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தி, மாறி உட்கார இடம் வேண்டும். நாம் ஐந்தே நிமிடம் என்று அங்கே நிறுத்தினால், அந்த நேரத்தில் வருபவர் காரைவிட்டு இறங்க முடியாமல் திரும்பிப் போக நேரிடும்.

அதனால் அப்பா உடன் வராத நாட்களில், அந்த அட்டையை டேஷ்போர்டிலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.