வேலியைச் சுத்தம் பண்றேன்னு காலி பண்ணாதீங்க

நகரத்துல இருந்து வந்து நிலம் வாங்குறவங்க முதல்ல செய்யுற வேலை, வேலியைச் 'சுத்தம்' பண்றது. பொக்லைன் விட்டு கிளுவையையும் எருக்கையும் வேரோட பிடுங்கி, கல்லுக்கால் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, கம்பிக்கு அடியில களைக்கொல்லியும் அடிச்சுடறாங்க. பார்க்க பளிச்சுனு இருக்காம். பூவில்லை, பூச்சியில்லை, அப்புறம் எதுக்குங்க அந்தப் பளிச்சு?

எங்க காங்கயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சல் காட்டை கொரங்காடுன்னு சொல்வோம். அதைச் சுத்தி கிளுவை வேலிதான். போத்து வெட்டி நட்டாப் போதும், வேர் பிடிச்சுக்கும். அது மேல கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை படரும். இடையிடையே ஆவாரை, எருக்கு, வேம்பு. பங்குனியில வேம்பு பூக்கறப்ப காலையில வேலியோரம் நின்னு பாருங்க, ரீங்காரம் காதை அடைக்கும்.

அந்தப் பூச்சிக சும்மா சுத்தறதில்லைங்க. கத்தரிப்பூவுல மகரந்தம் ஒரு சின்ன ஓட்டைக்குள்ள அடைஞ்சு கிடக்கும். பூவைப் பிடிச்சு அதிர வைச்சாத்தான் கொட்டும். பெட்டியில வளர்க்கற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும், வயித்துல நீலப்பட்டை போட்ட காட்டுத்தேனீக்கும்தான் தெரியும். கருவண்டு காஞ்ச மரத்தைக் குடைஞ்சு குடியிருக்கும்; நீலப்பட்டைத் தேனீ மண்ணுல வளை தோண்டும். காஞ்ச கொம்பை எரிச்சு, கரையைச் செதுக்கிட்டா அதுக எங்க போகும்?

காய்ப்புழு மேல முட்டை வைக்கற பொடிக் குளவிக்கு தேன் குடிக்க வேலிப்பூ வேணும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி எருக்கு, வேலிப்பருத்தி மாதிரி பால் வடியற செடியிலதான் முட்டை வைக்கும். ரோஜாவும் குரோட்டன்ஸும் வைச்சு, "இப்பெல்லாம் பட்டாம்பூச்சியே காணோம்"னு நீங்க வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

"பாம்பு வருமே"ம்பீங்க. வரும். எலி இருக்கற காட்டுக்குப் பாம்பு வரத்தான் செய்யும், கம்பி வேலி அதைத் தடுக்காது. வீட்டைச் சுத்தி பத்தடி வெட்டி வைச்சுக்கங்க, யாரு வேண்டாம்னா? "நாலடி இடம் போகுதே"ன்னு சில விவசாயிகளும் சொல்றாங்க. அந்த நாலடிதான் ஆட்டுக்குத் தழை, காத்துக்குத் தடுப்பு, மண்ணுக்குப் பிடிமானம். சீமைக்கருவேலத்துக்காக நான் பேசலைங்க, அதைத் தாராளமா எடுங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. வேரைப் பிடுங்காதீங்க, கவாத்து பண்ணுங்க. அதையும் ஒரே நாள்ல நாலு பக்கமும் வெட்டாம, வருசத்துக்கு ஒரு பக்கம் வெட்டுங்க. களைக்கொல்லியை வேலிப் பக்கமே கொண்டு போகாதீங்க. கம்பி வேணும்னா கிளுவைக்கு உள்பக்கமா இழுத்துக்கங்க.

நிலத்தைத்தான் நீங்க கிரயம் பண்ணியிருக்கீங்க. அந்த வேலியில இருக்கற உயிருக, பத்திரத்துக்கு முன்னாடியே அங்க குடியிருக்கறதுக.