குக்கர்ல குக்கீஸ்... பால் வேணாம் ப்ளீஸ்!

உங்க காலேஜ்ல பர்த்டே எப்படிக் கொண்டாடுவீங்க? எங்க க்ளாஸ்ல கேக் பாதி வாய்க்கு, மீதி மூஞ்சிக்கு. க்ரீமை அள்ளி அப்புறதுல எங்க பசங்களுக்குத் தனி சந்தோஷம். ஃபர்ஸ்ட் இயர்ல ஒருநாள் அப்படித்தான் ஒரு நண்பன் கன்னத்துல அப்பினோம். ''டேய் வேணாண்டா, எனக்குப் பால் ஆகாதுடா''ன்னு அவன் கத்தினதை, சீன் போடறான்னு நினைச்சுட்டோம். கொஞ்ச நேரத்துல கன்னமெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி... ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டுட்டு டாக்டர் எங்களைத் திட்டின திட்டு இருக்கே, அதை இங்கே எழுதினா எடிட்டர் வெட்டிடுவார். அப்பின கைகளில் ஒண்ணு அடியேனுடையது.

அதுக்கப்புறம் யார் பர்த்டேன்னாலும் அவனுக்கு மட்டும் அன்னிக்கு லைப்ரரியில் ஏதாவது வேலை வந்துடும். நாங்களும் கண்டுக்கலை. ரெண்டு வருஷம் இப்படியே ஓடிப்போச்சு. இந்தத் தடவை அவனோட பர்த்டேக்கு, அவனே சாப்பிடற மாதிரி ஏதாவது நானே செய்யறதுன்னு முடிவு பண்ணினேன். வெந்நீர் தவிர வேறெதுவும் வெச்சுப் பழக்கமில்லாத ஆள் நான்!

விசாரிச்சப்போ 'வீகன் குக்கீஸ் பண்ணு'ன்னு சொன்னாங்க. பால், முட்டை, தேன்னு விலங்குகிட்டேருந்து வர்ற எதுவுமே இல்லாத சாப்பாடுதான் வீகன். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் 'வெஜிடேரியன்'ங்கிற ஆங்கில வார்த்தையோட தலையையும் வாலையும் மட்டும் ஒட்டி உருவாக்கின பேர். ஏதோ பணக்காரங்க ஃபேஷன்னு நினைச்சேன். பார்த்தா, நம்ம கடலைமிட்டாயும் பொரி உருண்டையும் எந்த லேபிளும் ஒட்டிக்காம அந்த லிஸ்ட்லதான் இருக்கு.

முதல் ரவுண்டுல வாங்கினேன் பாருங்க ஒரு பல்பு! பால் கிடையாது, வெண்ணெய் கிடையாதுன்னு உஷாரா இருந்துட்டு, மணமா இருக்கட்டுமேன்னு நெய்யை ஊத்திட்டேன். சாம்பிளை ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனேன். டப்பாவைத் திறந்ததும் நம்மாளு மோந்து பார்த்தான். ''நெய்யா போட்ட?'' ''ஆமாடா, பால் இல்லல்ல?'' அவ்ளோதான், ரெண்டடி பின்னாடி போயிட்டான். வெண்ணெயை உருக்கினா நெய். அதுல பால் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலே அலர்ஜிக்காரங்களுக்கு வில்லங்கம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாப் புரிஞ்சுக்கோங்க. பால் குடிச்சா வயிறு உப்புறது வேற, பால் அலர்ஜி வேற. முதலாவது, பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை ஜீரணமாகாத பிரச்னை. ரெண்டாவது, பால் புரதத்தை உடம்பு எதிரின்னு நினைச்சுக் கிளம்பற யுத்தம். சிலருக்கு மூச்சே திணறிடும். கடையில வாங்கறப்போ பாக்கெட்டுல இருக்கிற பச்சைப் புள்ளியை நம்பிடாதீங்க. அது சைவம்னுதான் சொல்லும், பால் இல்லைன்னு சொல்லாது. பின்பக்கம் பொடி எழுத்துல 'பால் உள்ளது', 'பால் இருக்கலாம்'னு போட்டிருக்கான்னு படிச்சே ஆகணும். டார்க் சாக்லேட்லகூட பல சமயம் பால் ஒளிஞ்சிருக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரே டம்ளரால அளந்துக்கோங்க. கோதுமை மாவு ரெண்டு, வெல்லத்தூள் ஒண்ணு, தேங்காய் எண்ணெய் அரை. கால் ஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு ஏலக்காய். இருந்தா ஒரு கைப்பிடி வறுத்த தேங்காய்த் துருவல். மாவு, சோடா, உப்பைச் சலிச்சு, வெல்லம், ஏலக்காய்ப் பொடி, துருவலைக் கலந்து, எண்ணெயை ஊத்திப் பிசிறுங்க. அப்புறம் ரெண்டு மூணு ஸ்பூன் தேங்காய்ப் பால் தெளிச்சு உருண்டை பிடிங்க. சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சுப் பிசைஞ்சீங்கன்னா மாவுல இருக்கிற க்ளூட்டன் இழுவையாகி, குக்கீ ரப்பர் ஆகிடும். உதிராம ஒண்ணு சேர்ந்தா போதும், கையை எடுத்துடுங்க.

முட்டை இல்லாம எப்படி உப்பும்னு கேட்டா அம்மா, ''சோடாவுக்கு எதுக்குடா முட்டை?''ன்னு முடிச்சுட்டாங்க. சரிதான். சூடு ஏறினா சோடா உடைஞ்சு கார்பன் டை ஆக்ஸைடை விடும், அந்தக் காத்துதான் மாவைத் தூக்கும். ஆனா, சோடாவைக் கூட்டிப் போட்டுடாதீங்க, சோப்பு வாடை வரும்.

தேங்காய் எண்ணெய்கிட்ட மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அது 24, 25 டிகிரிக்கு மேல போனாலே உருகிடும். நம்ம ஊர் வெயில்ல அது எப்பவுமே தண்ணிதான். அப்படியே தட்டி அடுப்பில் வெச்சா குக்கீ பரவி தோசையாகிடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்துத் தட்டுங்க.

அவன் இல்லாத வீட்டுக்குப் பழைய பிரஷர் குக்கர் போதும். அடியில கல் உப்பைப் பரப்பி, மேல ஒரு ஸ்டாண்டு. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கண்டிப்பா கழட்டிடணும், தண்ணி ஊத்தவே கூடாது. மூடி போட்டுப் பத்து நிமிஷம் மிதமான தீயில் சூடு பண்ணுங்க. அப்புறம் எண்ணெய் தடவின தட்டுல குக்கீஸை இடைவெளி விட்டு அடுக்கி உள்ளே வெச்சு, தீயைக் குறைச்சிடுங்க. இருபது நிமிஷத்துல ஓரம் சிவக்கும்.

அப்போ தொட்டா மெத்துனுதான் இருக்கும். 'வேகலை போல'ன்னு நான் மறுபடி பதினஞ்சு நிமிஷம் விட்டேன் பாருங்க, அதுதான் என் ரெண்டாவது ரவுண்டு. தங்கச்சி ஒண்ணை எடுத்து டேபிள்ல தட்டிக் காமிச்சா... டொக்குனு சத்தம்! ஓரம் சிவந்ததும் இறக்கி ஆற விடுங்க. ஆற ஆறத்தான் அது கெட்டியாகும்.

மூணாவது ரவுண்டு பர்த்டேக்கு முந்தின ராத்திரி. நெய், வெண்ணெய் பட்ட பாத்திரம் எதையும் தொடாம, எல்லாத்தையும் சோப்பு போட்டு அலசிட்டுத்தான் ஆரம்பிச்சேன். டப்பா மூடியில என்னென்ன போட்டேன்னு ஒரு சீட்டும் ஒட்டிட்டேன்.

க்ளாஸ்ல கேக் கிடையாதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. நம்மாளு சீட்டை ரெண்டு தடவை படிச்சான். ''தட்டைக் கழுவினியா?'' ''கழுவினேன்.'' ''கரண்டி?'' ''கழுவினேன்டா.'' ''என்ன எண்ணெய் தடவின?'' எங்க டிபார்ட்மென்ட் வைவாகூட இவ்ளோ டெரரா இருந்ததில்லை. கடைசியில ஓரத்துல துளியூண்டு கடிச்சுட்டு, பீரியட் முடியற வரைக்கும் வெயிட் பண்ணினான். கூடவே நாங்க எட்டு பேரும் அவன் உதட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தோம். ஒண்ணும் ஆகலை.

மீதியையும் வாயில போட்டான். ''உப்பு கொஞ்சம் தூக்கல்டா''ன்னான். அடுத்து ஒண்ணு எடுத்தான். அப்புறம் இன்னொண்ணு. நாங்க கை நீட்டறதுக்குள்ள டப்பாவை மூடி பேக்ல வெச்சுட்டு எழுந்துட்டான்.

''சாரிடா, எனக்கு லைப்ரரியில கொஞ்சம் வேலை இருக்கு.''