கூச்சக்காரக் கூடூ

சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, கொரில்லா. ரொறன்ரோ மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்த பிள்ளைகளைக் கேட்டால் இதுகள்தான் முதலில் வரும். 1974இல் திறந்த இடம், ஸ்காபரோவில் எங்கட வீடுகளுக்குக் கிட்டத்தான் இருக்கு. அங்கே ஆபிரிக்க சவன்னாப் பகுதியில் கூடூ என்றொரு விலங்கு உண்டு. அதைப் பார்த்தனீங்களோ என்று கேளுங்கோ. "அதுக்குள்ள ஒண்டும் இல்லையே" என்றும் பதில் வரலாம்.

இத்தனைக்கும் அது சின்ன உருப்படி இல்லை. வளர்ந்த கடா 200 கிலோவைத் தாண்டும். பிழிந்த துணிபோல முறுக்கிய கொம்பு, இரண்டரைச் சுற்றுச் சுற்றி மேலே போகும். அது முழுதாக வளர ஏறக்குறைய 6 வருஷம். பெட்டைக்குக் கொம்பில்லை.

நாங்கள் பார்த்தவுடன் மான் என்போம். உண்மையில் இது இரலை இனம். எங்கட ஊர்ப் புள்ளிமான், மரை, இங்கே ரூஜ் பக்கம் திரிகிற வெள்ளைவால் மான் எல்லாம் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கும். கூடூவின் கொம்பு ஆயுசுக்கும் ஒன்றுதான். உடைந்தால் உடைந்ததுதான்.

இவ்வளவு பெரிசு எப்படி மறையுது? சாம்பல் கலந்த மண்ணிற உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பற்றைக்குள் நின்றால் இலைக்கிடையில் விழுகிற வெயில் மாதிரித்தான் தெரியும். ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடாது, அசையாமல் நிற்கும். பெரிய காதுகள் மட்டும் திரும்பும். பிறகு நாய்போல ஒரு குரைப்பு, ஒரே பாய்ச்சல். இரண்டு மீட்டர் வேலியும் அதுக்குப் பெரிசில்லை. கன்று பிறந்தால் தாய் முதல் சில கிழமை புல்லுக்குள் ஒளித்து வைத்து, பால் கொடுக்க மட்டும் வந்துபோகும்.

சிங்கமும் சிறுத்தையும் திரிகிற இடத்தில் இந்தக் கூச்சம்தான் அதன் காவல். எங்கட வீடுகளிலும் விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிற பிள்ளை இருக்கும். "இவள் வாயே திறக்கமாட்டாள்" என்று அதுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளை பயந்து நிற்கிறது என்று ஏன் முடிவு கட்டவேணும்? முதலில் பார்த்து, கேட்டு, பிறகு வரட்டுமே.

இந்த சமருக்குப் போனால், கேற் திறந்த கையோடு அங்கே போங்கோ. கண்ணாடியைத் தட்டவோ, கூப்பிடவோ வேண்டாம். ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கோ. கொம்பைத் தேடாதேங்கோ, அசைகிற காதைத் தேடுங்கோ. வீட்டில் அமைதியான பிள்ளை இருந்தால், அநேகமாக அதுதான் முதலில் கண்டுபிடிக்கும்.