கூடாரவல்லி இல்லாத நோன்பு

சென்ற மகளிர் தினத்தன்று எங்கள் கல்லூரிக்கு ஊக்க உரை நிகழ்த்த ஒருவர் வந்திருந்தார். பெண் விடுதலை பற்றி ஐந்து நிமிடமும் உடல் எடை பற்றி ஐம்பது நிமிடமும் பேசினார். "எடையைக் குறைக்க முடியலைன்னு சொல்றவங்களுக்கு உள்ளுக்குள்ள வெறி இல்லைன்னு அர்த்தம்" என்றார். பிறகு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை மேடைக்கு அழைத்தார்கள். ஐந்து மாதத்தில் 11 கிலோ குறைத்தவள். பழைய படமும் புதிய படமும் திரையில் அடுத்தடுத்து வந்தன. அரங்கம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் என் வகுப்பில் மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து விசாரித்தேன். காலையில் வெந்நீர், மதியம் அரைத்தட்டுச் சோறு, இரவு ஓர் ஆப்பிள். "தேதி வந்து நாலு மாசம் ஆச்சு மேடம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

நான் எதற்குக் கைதட்டினேன்?

எனக்கும் இதில் பட்டறிவு உண்டு. 41 வயதில் 82 கிலோ இருந்தேன். பதினாறு மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். அடுத்த இரண்டு ஆண்டில் 10 கிலோ திரும்பி வந்தது. குறைந்தபோது எல்லோரும் ரகசியம் கேட்டார்கள். கூடியபோது கேட்டது ஒரே கேள்விதான்: "விட்டுட்டீங்களா மேடம்?" நான் எதையும் விடவில்லை. அதே சோற்றளவு, அதே நடை. ஆனாலும் கேட்கக் கேட்க நம்பிவிட்டேன், என்னிடம்தான் ஏதோ உறுதி போதவில்லை என்று. (இப்படிக் கேட்பவர்கள்தாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் திருவில்லிபுத்தூர் பால்கோவா அரைக்கிலோ வாங்கிவரச் சொல்பவர்கள்.)

உறுதி என்றால் என்னவென்று பார்ப்போம். 1944இன் இறுதியில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்துப் பட்டினிச் சோதனை ஒன்றைத் தொடங்கினார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பெயரால் உலகப் போரையே மறுத்தவர்கள். அவர்களைவிட மன உறுதி உள்ளவர்களை எங்கே போய்த் தேடுவது? ஆறு மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1600 கலோரி உணவு, வாரம் 35 கிலோமீட்டர் நடை. எரிச்சலும் சோர்வும் குளிரும் அவர்களைப் பிடித்துக்கொண்டன. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். பேச்சும் நினைப்பும் சோறாகவே இருந்தன. அதை யாரும் மனக்கட்டுப்பாட்டின் குறை என்று எழுதவில்லை, பட்டினியின் விளைவு என்றே எழுதினார்கள். இன்று நம் பெண்கள் கையில் திணிக்கப்படும் உணவு அட்டவணைகளில் 1200 கலோரி சர்வ சாதாரணம். 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலுக்கு 1972இல் அந்தப் பெயரை வைத்தவரும் இதே கீஸ்தான் என்பது தனிக்கதை.

2016இல் இன்னொன்று வெளிவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். 13 பேருக்கு எடை மறுபடி கூடியிருந்தது. அவர்களின் உடல், அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. எடை இறங்கினால் பசியைத் தூண்டும் சுரப்பு ஏறுகிறது, போதும் என்று சொல்லும் சுரப்பு இறங்குகிறது. பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் நினைத்துக்கொள்கிறது. இதனோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவளிடம்தான் 'வெறி பத்தலை' என்கிறார் பேச்சாளர்.

தமிழ் நடத்துகிறவள் என்பதால் இன்னொன்றும் தோன்றுகிறது. திருக்குறளில் ஊக்கமுடைமை பொருட்பாலில், அரசியலில் வருகிறது. அரசனுக்குச் சொன்ன குணம் அது. அவனுக்குச் சமைத்துப்போட ஆளுண்டு. மருந்து அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொல்லும்போதும் உண்பவன் ஆண்பாலாகத்தான் வருகிறான். மிஞ்சியதை வீணாக்காமல் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போகிறவளுக்கு எந்த அதிகாரம்? 2023 நவம்பர் 4ஆம் தேதி மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையோடு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல திட்டம்தான். 8 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடிகாலையில் அந்த ஒன்றரை மணி நேரம் எந்த வீட்டில் பெண்ணின் கணக்கில் இருக்கிறது? இருட்டோடு போனால் தாலிச் சங்கிலியை அறுப்பார்கள் என்கிறார்கள். கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் அதற்கும் முகம் சுளிக்கிறார்கள்.

சுந்தரபாண்டியத்தில் என் சித்தி ராட்டையில் தார் சுற்றுகிறாள். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவள். பகல் முழுக்க உட்கார்ந்த இடம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. காட்டப்போன இடத்தில் தொட்டுக்கூடப் பார்க்காமல் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். இரண்டு வருடம் ராச்சோற்றை விட்டாள். மூச்சிரைப்பு கூடியதுதான் மிச்சம். "எனக்குக் கட்டுப்பாடு பத்தலடி" என்று என்னிடமே சொன்னாள். கடைசியில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் பத்து நாள் உதிரப்போக்கு. அதை எந்த டாக்டரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள், 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும். எடை கண்ணுக்குத் தெரிகிறது, ரத்தம் தெரிவதில்லை.

எடை குறைப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எங்கள் வீட்டிலும் உண்டு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்து அப்படியே நின்றால்கூட சர்க்கரைக்கு நல்லது என்கிறது மருத்துவம். எனக்கு மிஞ்சிய 4 கிலோ ஏறத்தாழ அந்தக் கணக்குதான். என் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது. அதற்காக என்னை எந்த மேடைக்கும் யாரும் அழைக்கவில்லை. திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் பக்கத்து ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். அகப்பாடல்களிலும் நாச்சியார் திருமொழியிலும் பெண் மெலிந்து வளை கழன்றால் அது துயரத்தின் அடையாளம். தோழி பதறுவாள், என்ன ஆயிற்று என்று கேட்பாள். இன்றைய தோழி வளை கழல்வதைப் பார்த்து "என்ன டயட்?" என்கிறாள். திருப்பாவையில் நோன்பும் இருக்கிறது. இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் விலக்கு. ஆனால் இருபத்தேழாம் பாட்டில் நகை பூட்டி, புத்தாடை உடுத்தி, நெய் முழங்கைவரை வழிகிற பாற்சோற்றை எல்லோரும் சேர்ந்து உண்கிறார்கள். மார்கழி 27ஐக் கூடாரவல்லி என்று இன்றும் அக்காரவடிசிலோடு கொண்டாடுகிறோம். நோன்பு தொடங்கும்போதே முடியும் நாள் தெரியும். தனியாகவும் இருக்க வேண்டியதில்லை. நமக்கு விதிக்கப்பட்ட நோன்புக்கு 27ஆம் நாள் கிடையாது. ஆயுள் முழுக்கத் தனியாக இருக்க வேண்டும், கூடவே சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் மோட்டிவேஷன்.

அந்த மாணவியின் அம்மாவிடம் நான்தான் பேசினேன். அவள் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். இப்போது விடுதியில் காலை இட்லி சாப்பிடுகிறாள். 3 கிலோ கூடியிருக்கிறது, அழுகிறாள். "அன்னைக்கு எல்லாரும் கைதட்டினாங்களே மேடம்" என்கிறாள். அவளுடைய இரண்டு படங்களும் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் இன்னும் தொங்குகின்றன. கழற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.