வேலை இருந்தாலும் காப்பீடு போகலாம்: அமெரிக்காவைப் பயமுறுத்தும் '80 மணி நேரம்'

ஆண்டு வருமானம் 62,600 டாலர். அமெரிக்காவில் தனியாக வாழும் ஒருவர் 2026-ல் இதைவிட ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதித்தால், மருத்துவக் காப்பீட்டுக்கான அரசு மானியம் அவருக்குக் குறையாது. மொத்தமாக நின்றே போகும் (அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களில் மட்டும் வரம்பு வேறு). நிறுவனம் காப்பீடு தராததால் சொந்தமாக பாலிசி எடுக்கும் ஊபர் ஓட்டுநர், சலூன் வைத்திருப்பவர், ஃப்ரீலான்ஸ் டிசைனர் போன்றவர்களின் பிரச்சினை இது. வயது 60-ஐ நெருங்கிவிட்டால், மானியம் இல்லாத பிரீமியம் பல மாநிலங்களில் மாதம் 1,000 டாலரைத் தாண்டும்.

இந்த வரம்பு புதிதல்ல. 2010-ல் 'ஒபாமாகேர்' சட்டம் வந்தபோதே இருந்தது. கொரோனா காலத்தில், 2021-ல், வரம்பைத் தளர்த்தி மானியத்தையும் கூட்டினார்கள். அடுத்த ஆண்டு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 2025 டிசம்பர் 31-உடன் அது முடிந்துபோனது. அதை நீட்டிக்கச் சொல்லி ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடித்ததில்தான் அமெரிக்க அரசு 43 நாட்கள் முடங்கியது. முடக்கம் முடிந்தது, நீட்டிப்பு மட்டும் கிடைக்கவில்லை. கூடுதல் மானியம் போனால், மானியம் பெறுவோர் கையிலிருந்து கட்டும் சராசரி பிரீமியம் ஆண்டுக்கு 888 டாலரிலிருந்து 1,904 டாலராகும் என்று கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்கிட்டிருந்தது.

பிரீமியம் எகிறினால் எல்லோரும் பேசுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வரிசையில் நிற்கிறது. அதைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. காரணம், பார்ப்பதற்கு அது வெறும் ஒரு படிவம்.

அது என்ன 80 மணி நேரம்?

'மெடிக்கெய்ட்' என்பது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. 1965-ல் தொடங்கியது. மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இதில் புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஒபாமாகேர் மூலம் மெடிக்கெய்டுக்குள் வந்த 19 முதல் 64 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, சமூக சேவையோ செய்ததாக நிரூபிக்க வேண்டும். கர்ப்பிணிகள், உடல்நலம் குன்றியவர்கள், 13 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை அமல்படுத்தியாக வேண்டும்.

கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? உடம்பு நன்றாக இருப்பவர் வேலை செய்யட்டும், மற்றவர்களின் வரிப்பணத்தில் ஏன் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது குடியரசுக் கட்சியின் வாதம். வாக்காளர்களில் பலருக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் இதை ஏற்கெனவே ஒரு மாநிலம் செய்து பார்த்துவிட்டது.

2018 ஜூனில் ஆர்கன்சாஸ் இதே 80 மணி நேர விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாதமும் கணக்கை இணையதளத்தில் பதிய வேண்டும். தொடக்கத்தில் வேறு வழியே கிடையாது. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! ஷிஃப்ட் முடிந்து இரவு வீடு திரும்பும் ஹோட்டல் ஊழியர் எப்போது பதிவார்? வீட்டில் இன்டர்நெட் இல்லாத கிராமத்துக்காரர் என்ன செய்வார்? மூன்று மாதம் தவறினால் அந்த ஆண்டு முழுக்கக் காப்பீடு கிடையாது. சில மாதங்களிலேயே 18,000-க்கும் அதிகமானோர் வெளியே தள்ளப்பட்டார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் திட்டத்தை நிறுத்தியது.

சரி, அதனால் வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடியதா? இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் விசாரித்துப் பார்த்தபோது, விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே வேலை உள்ளிட்ட நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்கள் அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கே காப்பீடு போனது, அதைச் சரியான தேதிக்குள் சரியான பக்கத்தில் பதியாததால்.

ஜார்ஜியாவிலும் 2023 முதல் இதுபோன்ற திட்டம் ஓடுகிறது. அங்கே மக்களின் சிகிச்சையைவிட நிர்வாகத்துக்கே அதிகம் செலவாகியிருக்கிறது. இன்னொரு அனுபவமும் உண்டு. கொரோனா கால விலக்கு முடிந்த பிறகு, 2023-24-ல் மாநிலங்கள் மெடிக்கெய்ட் பட்டியலைச் சரிபார்த்தபோது 2.5 கோடி பேர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தகுதி இழந்ததாக முடிவாகி வெளியேறியவர்கள் அல்ல. கடிதம் பழைய முகவரிக்குப் போனது, படிவம் திரும்பி வரவில்லை போன்ற நடைமுறைக் காரணங்களால் போனவர்கள்.

இத்தனை தெரிந்த பிறகும் அதே விதியை நாடு முழுக்க விரிப்பதை 'சீர்திருத்தம்' என்று ஏற்றுக்கொள்வது கஷ்டம். படிவத்தில் தடுக்கி விழுகிறவர்களால் மிச்சமாகும் பணமும் இந்தத் திட்டத்தின் கணக்கில் இருக்கிறது. சட்டத்தால் 2034-க்குள் சுமார் 1 கோடி பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்பது அமெரிக்க நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அதில் சுமார் பாதி இந்த வேலை நிபந்தனையால். இன்னொரு கொக்கியும் இருக்கிறது. 80 மணி நேரக் கணக்கு காட்டாமல் மெடிக்கெய்டை இழப்பவருக்கு, ஒபாமாகேர் மானியமும் கிடைக்காது.

ஜனநாயகக் கட்சி மட்டும் யோக்கியமா?

மானியத்துக்கு மூன்றாண்டு காலாவதித் தேதி போட்டது அவர்கள்தான். செலவைக் குறைவாகக் காட்ட அது வசதியாக இருந்தது. மானியம் என்பது விலையை மறைக்குமே தவிர, குறைக்காது. 2023-ல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர், தலைக்கு 14,570 டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். மருத்துவமனைகள், மருந்து நிறுவனங்கள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள் போடும் விலையில் கை வைக்க இரு கட்சிக்கும் தயக்கம். மெடிகேரில் சில மருந்துகளுக்கு அரசு பேரம் பேச 2022-ல் அனுமதி கிடைத்தது மட்டும் விதிவிலக்கு.

நல்ல வேலையில் இருப்பவருக்கு என்ன கவலை?

15 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்களுக்கு வேலை மூலமே காப்பீடு. இது திட்டமிட்டு வந்த ஏற்பாடு அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆட்களைப் பிடிக்க நிறுவனங்கள் காப்பீட்டைக் கொடுத்தன, பிறகு வரிச் சலுகையும் சேர, அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்று ஒரு குடும்பத்துக்கான நிறுவனக் காப்பீட்டின் சராசரி பிரீமியம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 27,000 டாலர். ஊழியர் கட்டுவது 6,850 டாலர் மட்டுமே என்பதால் மீதி கண்ணில் படுவதில்லை. வேலை போன அன்றுதான் தெரியும். 'கோப்ரா' சட்டப்படி பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம், ஆனால் முழுத் தொகையோடு 2 சதவீதமும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எச்-1பி விசாவில் அங்கே இருக்கும் சென்னை, கோவை இளைஞர்களுக்கு இது இரட்டை அடி. லே-ஆஃப் ஆனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்த நேரத்தில் மனைவி கர்ப்பமாக இருந்தால் காப்பீட்டை விடவும் முடியாது. ஒபாமாகேர் மானியம் இதுவரை ஒரு மாற்று வழியாக இருந்தது. 2027 முதல் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், வேறு ஓரிரு பிரிவினருக்கு மட்டுமே அது கிடைக்கும். எச்-1பிக்காரர்களுக்குக் கிடையாது.

காப்பீடு போனவர்கள் சிகிச்சைக்கே வர மாட்டார்களா? வருவார்கள், கடைசி நேரத்தில். 1986 சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் பில் வரும். அவரால் கட்ட முடியாவிட்டால் நஷ்டம் மருத்துவமனைக்கு. ஏற்கெனவே தள்ளாடும் கிராமப்புற மருத்துவமனைகள் முதலில் மூடுவது பெரும்பாலும் பிரசவப் பிரிவைத்தான். இதற்கென ஐந்து ஆண்டுகளில் 5,000 கோடி டாலர் தனி நிதி என்கிறது புதிய சட்டம். அதே சட்டம் மெடிக்கெய்டில் பத்து ஆண்டுகளில் குறைக்கும் மத்திய அரசுச் செலவு 90,000 கோடி டாலருக்கும் மேல்.

மாநிலங்களுக்கு இப்போது இருக்கும் வேலை, 80 மணி நேரத்தைச் சரிபார்க்கும் மென்பொருளை 2026 முடிவதற்குள் உருவாக்குவது. வரி, சம்பளப் பதிவுகளிலிருந்து தகவலைத் தானாக எடுத்துக்கொள்ளும் மாநிலத்தில் பலர் தப்பிக்கலாம். ஒவ்வொருவரையும் உள்ளே நுழைந்து பதியச் சொல்லும் மாநிலத்தில், 2018-ல் ஆர்கன்சாஸில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.